சாப்பாட்டு மேசைக்கு வரும் ரசீது புத்தகம்

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ் இருக்கிறது. மொத்தம் எட்டு மேசை. மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் ஒரே மேசையில் நாலு ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த வங்காளிக் குடும்பம், குடியாத்தத்தில் இருந்து மாத்திரை வாங்க வந்த பெரியவர், மெடிக்கல் ரெப் ஒருவர், அப்புறம் என்னைப்போல உள்ளூர் ஆள். போன வருஷம் அங்கே சாம்பார் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது, இலைக்குப் பக்கத்தில் ஒரு ஃபைல் விரிந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு படம். பதினைந்து குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முன்வரிசையில் மஞ்சள் சட்டைப் பையன் ஒருவன் கேமராவைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், ஹோம்ல இருந்து வர்றோம். பிள்ளைங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு. உங்களால முடிஞ்சது."

இடது கையால் சட்டைப் பையில் இருந்து 50 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். அவர் ரசீது கிழித்து டம்ளருக்குக் கீழே செருகிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

ஆறேழு வாரம் கழித்துக் காட்பாடியில் ஒரு டிபன் கடை. வேறு ஆள், வேறு ஹோம் பெயர், முகவரியில் வேறு ஊர். படம் மட்டும் அதே படம். மஞ்சள் சட்டைப் பையன் அதே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தப் படம் எங்க எடுத்தது?"

"எங்க ஹோம்லதான் சார்."

"இந்தப் பையன் பேரு என்னப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஃபைலை மூடிக்கொண்டு கதவுப் பக்க மேசைக்கு நகர்ந்தார். எனக்குக் கோபம் வந்தது என்பதைவிட வயிறு கலங்கியது என்பதுதான் சரி. என் 50 ரூபாய் போனது பெரிய விஷயமில்லை. அந்தப் பையன் யார், அவன் படத்தை வைத்து யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது. அன்றிலிருந்து இதை விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதையும் எனக்குத் தோன்றுவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இவர்கள் ஏன் ஓட்டலைத் தேடி வருகிறார்கள்? ரோட்டில் கேட்டால் நாம் நடந்துகொண்டே போய்விடலாம். பஸ்ஸில் கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம். மெஸ்ஸில் அது முடியாது. கை சோற்றில் இருக்கிறது, பாதியில் எழுந்து போக வழியில்லை. இலை நிறைய சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் பசியைப் பற்றிப் பேசுகிறார்கள். எதிரில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறார். சாப்பிடும் நேரத்தில் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. கல்லா பக்கத்தில் நிற்பவரின் கணக்கு வேறு. மீதிச் சில்லறை நம் உள்ளங்கையில் விழுந்து, இன்னும் பைக்குள் போகாத அந்த நொடிக்காக அவர் காத்திருக்கிறார்.

தொகை சிறியதாக இருப்பதும் இதில் முக்கியம். 20 ரூபாய்க்கு யாரும் விசாரணை நடத்த மாட்டார்கள். 5,000 ரூபாய் கேட்டால் நாம் முகவரி கேட்போம், போன் போடுவோம், வீட்டில் கலந்து பேசுவோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு மணியில் இருந்து மூன்று மணிக்குள் ஒருவர் பன்னிரண்டு கடை ஏறி இறங்கலாம். கடைக்கு ஐந்து பேர், ஆளுக்கு 20 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 30,000 ரூபாய். இது என் மனக்கணக்குதான், ஆனால் மிகைப்படுத்தவில்லை. நம் ஒவ்வொருவருக்கும் அற்பமாகத் தெரிவது வாங்கும் இடத்தில் ஒரு சம்பளமாகத் திரள்கிறது.

இவர்களை நம்பலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் "எல்லாம் ஃபிராடு" என்பார். இன்னொருவர் "கொடுத்தது நம்ம புண்ணியம், வாங்கினது அவன் பாவம்" என்பார். இரண்டுமே யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளும் பதில்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை. தனக்காகக் கேட்பவர் ஒரு வகை, அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கேட்பவர் வேறு வகை. பசிக்கிறது என்று வந்து நிற்கிறவரிடம் சான்றிதழ் கேட்பது கொடுமை. அங்கே இல்லாத பதினைந்து குழந்தைகளின் பெயரில் கேட்கிறவரிடம் எதையும் கேட்காமல் கொடுப்பது அந்தக் குழந்தைகளுக்கே செய்யும் கெடுதல். "பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்ற பழமொழியை, கொடுக்க மனமில்லாதவர்கள் பர்ஸை மூடுவதற்குப் பயன்படுத்துகிறார்கள். நான் அதை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: பசித்த வயிற்றுக்குத் தகுதி பார்க்க வேண்டியதில்லை, போட்டது எந்தப் பாத்திரத்தில் போய் விழுகிறது என்று பார்த்தால் போதும்.

பசி என்று வருபவருக்கு மெஸ்ஸைவிட வசதியான இடம் கிடையாது. சப்ளையரைக் கூப்பிட்டு "இவருக்கு ஒரு சாப்பாடு, என் கணக்குல" என்றால் முடிந்தது. சிலர் சாப்பாடு வேண்டாம், காசாகக் கொடுங்கள் என்பார்கள். உடனே பக்கத்து மேசையில் "பாத்தீங்களா, குடிக்கத்தான்" என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். இருக்கலாம். ஆனால் அவர் முந்தின கடையிலேயே சாப்பிட்டிருக்கலாம். ராத்திரி எங்கே படுப்பது, ஊருக்கு எப்படிப் போவது என்பது அவர் கவலையாக இருக்கலாம். காசு கொடுக்க நமக்கு விருப்பமில்லை என்றால் "இல்லப்பா, சாப்பாடுன்னா சொல்றேன்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். மறுத்தவரைத் திருடனாக்கத் தேவையில்லை.

கேட்டு வாங்குவதும் ஒரு பிழைப்பு என்பதை இந்த ஊர் டாக்டர்களுக்கு ஒரு நோயாளியே சொல்லிக் கொடுத்திருக்கிறார். 1940களின் கடைசியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை மூலம் நிமிர்த்த ஆரம்பித்தார். அப்படிக் கை சரியான ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகளைப் பார்த்து யாரும் காசு போடுவதில்லை, அதே சமயம் தழும்பைப் பார்த்து வேலையும் தருவதில்லை என்று முறையிட்டார். பிராண்ட் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்படிப்பட்டவர்கள் தங்கித் தொழில் கற்றுக்கொள்ள ஒரு நிலையம் தொடங்கினார். பிறகு காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே தனி மருத்துவமனையும் ஆராய்ச்சி நிலையமும் வந்தன. கை நீட்டுகிறவரைப் பார்த்து "உழைச்சு சாப்பிட வேண்டியதுதானே" என்று சொல்வது சுலபம். அதற்கு வழி செய்து கொடுக்க ஒரு நிலையமே கட்ட வேண்டியிருந்தது.

மேசைக்கு மேசை சாவிக்கொத்தும் ஒரு அட்டையும் வைத்துவிட்டுப் போய், ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்ப வருகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் பேச முடியாது, காது கேட்காது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்த அட்டை. பொருள் பிடித்திருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அட்டையோடு சேர்த்துக் கையில் கொடுக்கலாம். நிஜமாகவே காது கேட்காதா என்று பின்னால் இருந்து கைதட்டிச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் வேண்டாம். ஒரு சாவிக்கொத்துக்காக ஒரு மனுஷரை அவ்வளவு கேவலப்படுத்தக்கூடாது.

வேலூருக்கே உரிய சிக்கல் ஆஸ்பத்திரிக் கவரோடு வருகிறவர்கள்தான். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ ரயிலேறிக் காட்பாடியில் இறங்குகிறார்கள். நாலு நாளில் முடியும் என்று வந்த டெஸ்ட் பதினாலு நாள் இழுக்கும். லாட்ஜ் வாடகை, சாப்பாடு, மருந்து என்று கொண்டுவந்த பணம் கரையும். இப்படி நிஜமாகவே கைவிடப்பட்டு நிற்கிற குடும்பம் இந்த ஊரில் எந்த நாளும் இருக்கும். அதனாலேயே அந்த வேஷத்தைப் போடவும் இந்த ஊர் வசதியாகிவிட்டது. இரண்டு பேரிடமும் ஸ்கேன் கவர் இருக்கும், இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று நான் நிறைய நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. நிஜமாகக் கஷ்டப்படுகிறவருக்குக் கேட்டுப் பழக்கமில்லை. திக்குவார், பாஷை வராது, பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு வெட்கத்தோடு போய்விடுவார். தினமும் கேட்கிறவர் கோர்வையாகப் பேசுவார், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆக, முகத்தையும் பேச்சையும் வைத்து முடிவு செய்தால் பழகினவருக்குக் கொடுத்து, பழகாதவரைத்தான் விரட்டுவோம்.

அதற்குப் பதிலாகக் கவரை வாங்கிப் படிக்கலாம். பெயர், ஹாஸ்பிடல் நம்பர், தேதி மூன்றையும் பார்த்தால் போதும். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி, மங்கிப்போன ஜெராக்ஸ், நோயாளி எந்த வார்டு என்று கேட்டால் தடுமாற்றம் என்றெல்லாம் இருந்தால் யோசிக்க வேண்டும். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் பணத்தைக் கையில் கொடுக்க அவசியமில்லை. "வாங்க, கவுன்ட்டர்ல கட்டிடலாம்" என்று கூடவே நடந்தால் போதும். நோயாளியின் பெயரிலேயே கட்டலாம், மருந்துச் சீட்டாக இருந்தால் மருந்துக் கடையில் கட்டலாம். நிஜமான குடும்பம் சந்தோஷமாகக் கூட வரும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஏழை நோயாளியின் நிலைமையை விசாரித்து, கட்டணத்தைக் குறைக்கவும் உதவி செய்பவர்களைத் தேடிக் கொடுக்கவும் அவர்களால் முடியும். வெளியூர்க்காரர்கள் பலருக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அவரிடம் கொண்டுபோய் விடுவது நாம் கொடுக்கும் 100 ரூபாயைவிடப் பெரிய உதவி.

நம் ஊர்க்காரரே ஆபரேஷனுக்குப் பணம் கேட்டு வந்தால் நான் முதலில் கேட்பது காப்பீட்டு அட்டை போட்டாயிற்றா என்றுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அங்கே பதிவு செய்கிறார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் முயன்று பார்த்துவிட்டு வந்தவர் என்றால் அவர் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. இந்த ஊர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே கேட்டு வாங்கிய பணத்தில் முளைத்ததுதான். அதைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்துவிட்டு வேலூர் திரும்பும் முன், இங்கே பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் கேட்டு அலைந்தார். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தன் இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் அந்த அம்மா பெயரிலேயே மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்றைக்கும் கண் ஆஸ்பத்திரியை நம் ஜனங்கள் ஷெல் என்றுதான் சொல்கிறார்கள். கொடுத்த பணம் எங்கே போனது என்று நூற்றிருபது வருஷம் கழித்து ஆட்டோக்காரரைக் கேட்டாலும் வழி காட்டுவார்.

நம் கிராமங்களில் இதே ஏற்பாடு வேறு உருவத்தில் இருக்கிறது. ஆடி மாசம் கூழ் ஊற்ற வசூலுக்கு வருகிறவர்கள் நோட்டீஸோடு வருவார்கள். யார் யார் எவ்வளவு என்று திருவிழா அன்று மைக்கில் வாசிப்பார்கள். கோயிலில் ட்யூப் லைட்டைப் பார்த்தால் வெளிச்சத்தைவிட உபயதாரர் பெயர்தான் பெரிதாகத் தெரியும். இதைப் பெருமைக்குச் செய்வது என்று சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கணக்குக் காட்டும் முறையாகத் தெரிகிறது. 101 ரூபாய் எழுதினவர் பெயர் மைக்கில் வரவில்லை என்றால் அன்று ராத்திரியே கேள்வி வரும். புரட்டாசி சனிக்கிழமையில் நாமம் போட்ட சொம்போடு "கோவிந்தா" என்று வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நாம் யோசிக்காமல் அரிசி போடுவதும் அதனால்தான். அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெருவுக்கே தெரியும். டவுன் ஓட்டலில் ஃபைல் விரிக்கிறவருக்கும் நமக்கும் நடுவில் மைக்கும் இல்லை, தெருவும் இல்லை. அந்த இடத்தைத் தாளில் அச்சடித்த எண்களால் நிரப்பப் பார்க்கிறார்கள்.

அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரசீதின் மேலே "பதிவு எண்" என்று ஒன்று இருக்கும். அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த எண்தான் அது. நிலப் பத்திரம் பதிகிற அதே அலுவலகம். பத்திரம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா, கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானா என்று பார்த்துப் பதிவார்கள். ஹோமுக்கு வந்து குழந்தைகளை எண்ணிப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. சங்கம் என்றால் 1975-ஆம் வருஷத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்திருப்பார்கள். அதிலும் எண் கிடைப்பது ஆரம்பம் மட்டுமே. மத்திய அரசின் நிதி ஆயோக், தொண்டு அமைப்புகளுக்காக வைத்திருக்கும் தர்பன் இணையதளத்தில் பதிந்து ஒரு எண் வாங்கியிருந்தாலும் அந்த அமைப்பு நல்ல வேலை செய்கிறது என்று அரசு சொன்னதாக ஆகாது. "அரசு அங்கீகாரம் பெற்றது" என்ற வரி பல ரசீதுகளில் இந்த எண்களை நம்பித்தான் அச்சாகிறது.

"80ஜி இருக்கு சார்" என்பது அடுத்த வரி. அமைப்பு வருமான வரித்துறையிடம் தனியாகப் பதிவு பெற்றிருக்கிறது, கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு என்பது இதன் பொருள். இது நிஜமா என்று வருமான வரித்துறை இணையதளத்திலேயே பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். 2021-22 நிதியாண்டில் இருந்து இப்படிப் பதிவு பெற்ற அமைப்புகள் தங்களுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தைத் துறைக்கு அனுப்ப வேண்டும். அதனால் வரிச்சலுகைக்கு ரசீது போடுகிறவர் உங்கள் பான், ஆதார் போன்ற ஒரு அடையாள எண்ணைக் கேட்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. பெயர்கூடக் கேட்காமல் டம்ளருக்கு அடியில் செருகிப் போகிற ரசீதுக்கும் வரிச்சலுகைக்கும் சம்பந்தமே இல்லை.

குழந்தைகள் இல்லம் என்று சொன்னால் பார்க்க வேண்டிய பதிவு வேறு. 2015-ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்கிறது 42-ஆம் பிரிவு. எந்தெந்த இல்லம் பதிவு பெற்றது என்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தெரியும். குழந்தையையே கூட்டிக்கொண்டு வந்து கேட்க வைத்தால் அது தனிக் குற்றம். 76-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். அப்படிப் பார்த்தால் காசு கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனையே வேண்டாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் போட வேண்டும்.

மஞ்சள் சட்டைப் பையனைப் பார்த்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒடுகத்தூர் பக்கம் இருக்கும் ஒரு சின்ன இல்லத்துக்குப் போனேன். இருபது பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வராந்தாவில் செருப்புகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. நடத்துகிற அம்மா என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். நான் போனை எடுத்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

"பிள்ளைங்கள எடுக்காதப்பா. சமையக்கட்ட எடுத்துக்கோ, கட்டிடத்த எடுத்துக்கோ."

ஏன் என்று கேட்டேன். இவர்களில் சிலர் யாரிடம் இருந்தோ காப்பாற்றி அனுப்பப்பட்டவர்கள், முகம் வெளியே போகக்கூடாது என்றார். நாளைக்கு வேலைக்குப் போய்க் கல்யாணம் கட்டும்போது ஒருத்தர் "உன்ன ஹோம் நோட்டீஸ்ல பாத்தேன்" என்று சொன்னால் பிள்ளை மனசு என்ன ஆகும் என்றும் கேட்டார். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தைக் காக்க அந்தச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த அம்மா பிரிவு எண்ணெல்லாம் சொல்லவில்லை, செருப்பை அடுக்கி வைத்தவருக்கு அது தானாகத் தெரிந்திருந்தது. இப்போது யாராவது மேசையில் குழந்தைகளின் முகத்தைப் பரப்பிக் காசு கேட்டால், ரசீது நிஜமோ பொய்யோ, எனக்கு அதுவே போதுமான பதில்.

ஓட்டலுக்கு ஆள் அனுப்புவீர்களா என்றும் கேட்டேன். ஒரு காலத்தில் ஒருவர் வந்து, "வசூல் பண்ணித் தர்றேன், பாதிக்குப் பாதி" என்று கேட்டாராம், வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். இந்தக் கமிஷன் வசூலைத்தான் நாம் யோசிப்பதில்லை. ஹோம் நிஜமாக இருக்கும், குழந்தைகளும் இருப்பார்கள், ரசீதும் அவர்களுடையதே. ஆனால் நாம் கொடுக்கிற 100 ரூபாயில் எவ்வளவு அங்கே போய்ச் சேரும் என்று கேட்கக்கூடத் தோன்றாது. என்ன தேவை என்று அந்த அம்மாவிடம் கேட்டபோது, அரிசி நிறையப் பேர் தருகிறார்கள், பிறந்தநாளுக்கு பிரியாணியும் கேக்கும் வருகிறது, கரண்ட் பில்லுக்கும் பல் டாக்டருக்கும்தான் யாரும் தருவதில்லை என்றார். மேசையில் ஃபைல் விரித்தவர் யாரும் என்னிடம் பல் டாக்டரைப் பற்றிப் பேசியதில்லை. எல்லாருமே "ஒரு வேளை சாப்பாடு" என்றுதான் கேட்டார்கள்.

ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்பும் அட்டையும் இப்போது ஃபைலோடு சேர்ந்துவிட்டது. அதில் ஒரு நன்மை உண்டு. ஸ்கேன் செய்ததும், பின் நம்பர் போடும் முன், பணம் யார் பெயருக்குப் போகிறது என்று திரையில் வரும். அமைப்பின் பெயர் வராமல் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். "இது யார் பேருப்பா?" என்று கேட்டால் "எங்க செயலாளர் சார்" என்பார்கள். அமைப்புக்குக் கணக்கு இல்லாமல் செயலாளருக்கு மட்டும் கணக்கு இருந்தால் நான் அனுப்ப மாட்டேன்.

சரி, கொடுக்க மறுப்பது எப்படி? இதில்தான் நாம் நிறையத் தவறுகிறோம். கையை வீசி "போ, போ" என்பது, சப்ளையரை விட்டு விரட்டச் சொல்வது, எல்லார் முன்னாலும் குறுக்கு விசாரணை செய்வது எதுவும் தேவையில்லை. "அட்ரஸ் குடுங்க, நான் நேரா வந்து பாத்துக் குடுக்கிறேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். நல்ல அமைப்பில் இருந்து வந்தவர் சந்தோஷமாக முகவரி கொடுத்து எந்த நாள் வரலாம் என்றும் சொல்வார். மற்றவர் தானாக நகர்ந்துவிடுவார். சொன்னபடி போய்ப் பார்ப்பதுதான் கஷ்டம். நானே மூன்று முகவரி வாங்கினால் ஒன்றுக்குத்தான் போயிருக்கிறேன்.

சந்தேகத்துக்கும் எல்லை வேண்டும். 2018 மே மாதம், பழைய வட ஆற்காட்டில் இருந்து பிரிந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் அத்திமூரில் நடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கக்கூடாது. சென்னையில் இருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் காரை நிறுத்தியது. அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு 65 வயது அம்மா ஒருவர் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் புரளி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரே சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அதனால், ஃபைலோடு வந்தவரைப் படம் எடுத்து "இவன் ஃபிராடு, உஷார்" என்று குரூப்பில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வடக்கத்தி முகம், கிழிந்த சட்டை, தடுமாறும் தமிழ் என்று அடையாளம் போட்டுப் பரப்பினால், நாளைக்கு அது ஸ்கேன் கவரோடு அலையும் ஒரு நிஜத் தகப்பன் தலையில் போய் விழும். சந்தேகம் இருந்தால் சொல்ல வேண்டிய இடம் போலீஸ் அல்லது 1098. பணம் ஆன்லைனில் ஏமாந்திருந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930.

எங்கள் மெஸ்காரர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். "தெனம் நாலு பேர் வந்துனு கீறாங்க தம்பி, இன்னா பண்றது" என்று ரொம்ப நாள் அலுத்துக்கொண்டிருந்தவர், இப்போது சாப்பிடும் மேசைக்கு யாரையும் விடுவதில்லை. உள்ளே வருகிறவரைக் கல்லா பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவார். சாப்பாடு வேண்டும் என்றால் உண்டு. ஆஸ்பத்திரிக் கவர் என்றால் வாங்கிப் படிப்பார், மதியக் கூட்டம் குறைந்ததும் பையனைக் கூட அனுப்பி கவுன்ட்டரில் கட்டச் சொல்வார். கட்டிய ரசீது கல்லா மேசைக் கண்ணாடிக்கு அடியில் போகும். சாப்பிட்டு எழுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மீதிச் சில்லறையைப் பக்கத்தில் இருக்கும் டப்பாவில் போடுகிறார்கள். அடுத்த ரசீது அதிலிருந்துதான். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், கண்ணாடிக்கு அடியில் பதினொரு ரசீது இருந்தது. எல்லாவற்றிலும் பெயரும் ஹாஸ்பிடல் நம்பரும் தேதியும் இருந்தன.

என்னிடம் இருந்த 50 ரூபாய் ரசீதின் முகவரியையும், காட்பாடி கடையில் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருந்த இன்னொரு ஹோமின் பெயரையும் 1098-ல் சொன்னேன். பொறுமையாக எழுதிக்கொண்டார்கள். படத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது, பதினைந்து குழந்தைகள், சிமென்ட் தரை, எவர்சில்வர் தட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் கேட்டார், "மஞ்சள் சட்டைப் பையனுக்கு என்ன வயசு இருக்கும் சார்?" ஏழு, எட்டு இருக்கும் என்றேன். படம் எப்போது எடுத்தது என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.